பனிக்கு நாயைக் கூட்டிப்போகலாமா? வாசகர் கேள்வி பதில்

ஆடி பிறந்து, பெர்க்கில், அதாவது நம் தென்னாப்பிரிக்க டிராக்கன்ஸ்பர்க் மலையில், பனி விழுந்த படம் எல்லார் போனிலும் சுற்ற ஆரம்பித்தால், இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களே வேறு மாதிரி ஆகிவிடுகின்றன. கோடையில் உண்ணி, பிலியரி காய்ச்சல், காதுப் புண் என்று கேட்டவர்கள் இப்போது "நாயோடு பனியில் நடக்கலாமா அக்கா?" என்கிறார்கள். மாரிட்ஸ்பர்க் கால்நடை மருத்துவமனை ஒன்றில் உதவியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மலை ஏறும் கிறுக்கும் உண்டு, மிளகு என்று ஒரு கலப்பின நாயும் உண்டு. அதனால் ஆசிரியர் இந்த முறை மொத்தக் கட்டையும் என்னிடமே தள்ளிவிட்டார்.

கேள்வி: அடுத்த வாரம் சானி பாஸ் மலைக்கணவாயில் பனி விழும் என்கிறார்கள். பிள்ளைகளையும் எங்கள் லாப்ரடாரையும் பக்கியில் (பிக்கப் வண்டியில்) ஏற்றிக்கொண்டு உச்சி வரை போய்வரலாம் என்று இருக்கிறோம். என்னென்ன எடுத்துப்போக வேண்டும்?
– ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள், நாயை வேண்டாம். சானி பாஸின் உச்சி, அந்த 2,876 மீட்டர், லெசோத்தோவில் இருக்கிறது. உங்களுக்குப் பாஸ்போர்ட் போதும். நாய்க்கு ரேபீஸ் ஊசிச் சான்றும், போக ஒன்று திரும்பிவர ஒன்று என்று கால்நடை அனுமதித் தாள்களும் வேண்டும். அரசு கால்நடை மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டு வாங்க வேண்டிய சமாச்சாரம் அது. வியாழக்கிழமை நினைத்து சனிக்கிழமை கிளம்ப முடியாது. உங்கள் பக்கி ஃபோர் பை ஃபோரா? இல்லையென்றால் நம் பக்கத்து எல்லைச் சாவடிக்கு மேல் விடவே மாட்டார்கள்.

சரி, எல்லை தாண்டாமல் இந்தப் பக்கமே நடக்கிறோம் என்பீர்கள். ஜயன்ட்ஸ் காசில், கதீட்ரல் பீக், ராயல் நட்டால் எல்லாம் உக்கஹ்லம்பா டிராக்கன்ஸ்பர்க் பூங்காவுக்குள் வருகின்றன. 2000-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இடம். அங்கே வளர்ப்பு நாய்க்கு அனுமதி கிடையாது. கயிற்றில் கட்டியிருந்தாலும் கிடையாது, வண்டிக்குள்ளேயே உட்கார வைத்திருப்பேன் என்றாலும் கிடையாது. மானும் நரியும் இருக்கிற காட்டில் நம் வீட்டு நாயின் நோயும் குரைப்பும் எதற்கு என்பது அவர்கள் கணக்கு. எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது, மிளகை வீட்டில் விட்டுவிட்டுப் போகும்போது அதன் முகத்தைப் பார்க்க முடியாது என்றாலும்.

நாயோடு போவதென்றால் தனியார் பண்ணைகள்தான் வழி. அண்டர்பர்க், ஹிமவில், நாட்டிங்ஹாம் ரோடு பக்கம் நாயை ஏற்றுக்கொள்ளும் பண்ணை விடுதிகள் இருக்கின்றன. போன் போட்டு இரண்டு கேள்வி கேளுங்கள்: நாய் வரலாமா, நடைபாதை உங்கள் வேலிக்குள்ளேயே இருக்கிறதா? அக்கம்பக்கத்தில் ஆடு மேயும். உங்கள் லாப்ரடார் ஊரில் எவ்வளவு சாதுவாக இருந்தாலும் சரி, ஆடு ஓடினால் அதுவும் பின்னாலேயே ஓடும். ஆட்டைத் துரத்தும் நாயை எந்தப் பண்ணைக்காரரும் பொறுத்துக்கொள்ள மாட்டார். கயிற்றை அவிழ்க்காதீர்கள்.

ஆனால் அந்தப் பண்ணைகள் இருக்கும் உயரத்தில் பனி நிற்காது. காலையில் புல்வெளி முழுக்க வெள்ளையாக இருக்கும், மதியச் சாப்பாட்டுக்குள் சேறாகிவிடும். நிஜமாகவே காலடியில் நொறுங்குகிற பனி வேண்டுமென்றால் ஈஸ்டர்ன் கேப் பக்கம், ரோட்ஸ் கிராமத்துக்கும் நாடேஸ் நெக் கணவாய்க்கும் போக வேண்டும். கணவாய் 2,500 மீட்டருக்கு மேல். டர்பனிலிருந்து ஒரு பகல் முழுக்க வண்டி ஓட்ட வேண்டிய தூரம், கடைசியில் கப்பிச் சாலை.

எப்போது கிளம்புவது? நம் பக்கத்தில் குளிர்காலம் என்பது வறண்ட காலம். கேப் டவுன் போல மழை மேகம் வரிசையாக வந்து நிற்காது. தெற்கிலிருந்து ஒரு குளிர்முகம், அதாவது குளிர்காற்றுத் திரள், ஏறி வரும்போதுதான் பனி. அதற்கு ஓரிரு நாள் முன்பு டர்பனில் பெர்க் காற்று, மலையிலிருந்து இறங்கும் சூடான காற்று, அடிக்கும். ஜூலையில் திடீரென்று வேர்த்துக் கொட்டி, ஃபேன் போடலாமா என்று தோன்றினால் வானிலை அறிக்கையைப் பாருங்கள். குளிர்முகம் கடக்கும் நாளில் மலைக்குப் போகாதீர்கள். மறுநாள், வானம் தெளிந்ததும் போங்கள். ஆனால் தெளிந்த இரவுதான் கடுங்குளிர், ஆகவே நாயை வண்டியில் படுக்க வைக்கும் யோசனை வேண்டாம். இன்னொன்று, பெர்க் நமக்கு மேற்கே நிற்கும் சுவர். பஞ்சாங்கத்தில் சூரியன் மறைய ஐந்து மணிக்கு மேல் ஆகும் என்று போட்டிருக்கும், சுவரடியில் நாலு மணிக்கே நிழல் விழுந்துவிடும். நிழல் விழுந்த அடுத்த நிமிடம் காது விறைக்கும். இரண்டு மணிக்குத் திரும்பி நடக்க ஆரம்பித்துவிடுங்கள்.

கேள்வி: கனடாவில் இருக்கும் மாமா ஒரு ஜோடி ஸ்னோஷூ அனுப்பியிருக்கிறார். இங்கே பயன்படுமா? நாய் கூட வந்தால் எப்படி நடப்பது?
– கல்லூரி மாணவர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: மாமாவுக்கு நன்றி சொல்லுங்கள் தம்பி. வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் அது பரணில்தான் இருக்கப்போகிறது.

ஸ்னோஷூ செய்கிற வேலை ஒன்றே ஒன்று: உங்கள் எடையைப் பெரிய பரப்பில் பரப்பி, மெத்தென்ற ஆழமான பனியில் புதைய விடாமல் தாங்குவது. வட அமெரிக்கப் பூர்வகுடிகள் மரச்சட்டத்தை வளைத்து, தோல்வாரால் பின்னி இதைக் கட்டினார்கள். இப்போது அலுமினியமும் பிளாஸ்டிக்கும். ஆழமான பனி இல்லாத இடத்தில் அது காலில் கட்டிய பலகைதான். பூட்ஸ் போட்டு நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் கெண்டைக்கால் வரை இறங்குகிறதா? அப்போது மாட்டுங்கள். கணுக்காலுக்குக் கீழேயே நின்றால் நல்ல பூட்ஸும், பனி உள்ளே புகாமல் காலில் கட்டும் கெய்ட்டரும் போதும்.

பெர்க்கில் நம்மைத் தள்ளிவிடுவது பெரும்பாலும் மெத்தென்ற பனி இல்லை. பகலில் இளகி இரவில் இறுகிய கண்ணாடிப் பனி. வடக்கு அரைக்கோளத்துப் புத்தகங்கள் 'வடக்குச் சரிவில் ஜாக்கிரதை' என்று எழுதியிருக்கும். நமக்கு நேர்மாறு. இங்கே சூரியன் வடக்கு வானில் போவதால் தெற்குச் சரிவுகளும் ஓடைப் பள்ளங்களும் வாரக்கணக்கில் வெயிலே காணாமல் கிடக்கும். வடக்குச் சரிவில் புல் தெரியும், அதே மலையைச் சுற்றித் தெற்கே திரும்பினால் பாதையே பளபளக்கும். அங்கே ஸ்னோஷூவைவிட பூட்ஸுக்கு மேல் மாட்டும் இரும்புப் பற்கள்தான் உயிர் காக்கும். கடையில் மைக்ரோஸ்பைக் என்று கேளுங்கள். செங்குத்தான சரிவில் அதுவும் போதாது, திரும்பிவிடுங்கள். டாக்கி, அதாவது கான்வாஸ் ஷூ, போட்டுக்கொண்டு பனிக்குப் போகிறவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

நாயோடு ஸ்னோஷூவில் நடப்பது ஒரு தனிப் பாடம். புதுப் பனியில் நாய் நெஞ்சு வரை இறங்கி நீச்சல் அடிக்கும், கால் மணி நேரத்தில் களைத்துவிடும். கொஞ்சம் புத்தியுள்ள நாய் உடனே கண்டுபிடித்துவிடும், நீங்கள் மிதித்துப்போன தடத்தில் நடப்பதுதான் சுகம் என்று. பிறகு உங்கள் குதிகாலோடு ஒட்டிக்கொண்டே வரும். ஸ்னோஷூவின் வால் பகுதி பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அல்லவா, அதன் மேல் ஏறும். நீங்கள் அடுத்த அடி எடுப்பீர்கள், கால் வராது, முகம் போய்ப் பனியில் குத்தும். மிளகு இதில் கெட்டிக்காரி. விழுந்தவர் எழுவதற்குள் முகத்தை நக்கியும் முடித்துவிடுவாள். சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், ஸ்னோஷூவுக்கு அடியில் இரும்புப் பற்கள் இருக்கின்றன. நாயின் பாதம் அதற்கடியில் மாட்டினால் தையல் போட வேண்டி வரும். ஆகவே முதலில் வீட்டுப் புல்தரையில் மாட்டிக்கொண்டு நடந்து, 'பின்னால்' என்றால் ஒரு மீட்டர் தள்ளி வரப் பழக்குங்கள். கயிறு இடுப்புப் பெல்ட்டில் இருக்கட்டும், ஊன்றுகோல் பிடிக்கும் கையில் வேண்டாம். இறக்கத்தில் நாய் இழுத்தால் இருவரும் சேர்ந்து உருளுவீர்கள். வேலிக்குள், ஆடு இல்லாத இடமாகப் பார்த்து, அந்த இறக்கத்துக்கு மட்டும் அவிழ்த்துவிடுங்கள்.

கேள்வி: பனியில் நடந்தால் நாயின் பாதம் வெடிக்கும் என்கிறார்கள். தேங்காய் எண்ணெய் தடவலாமா? என் அம்மா எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்கிறார்.
– ஒரு வாசகி, மெரபேங்க்

பதில்: அம்மா சொல்வதில் தப்பில்லை, ஊர்தான் மாறிவிட்டது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழேயே உறைந்துவிடும். நாய்க்கு அதன் வாசனையும் பிடிக்கும், தடவிய கையோடு நக்கித் தீர்த்துவிடும். தேன்மெழுகு கலந்த பாதக் களிம்பு நல்லது. அது கிடைக்காவிட்டால் வாசலின், கிளம்புவதற்குச் சற்று முன்பு விரல் இடுக்கிலும் தேய்த்துவிடுங்கள். இரவு வீடு திரும்பிய பிறகு, காய்ந்த பாதத்துக்கு அம்மாவின் எண்ணெயைத் தாராளமாகப் போடலாம்.

ஆனால் பாதத்தில் வெடிப்பைவிடப் பெரிய தொல்லை உருண்டைகள். நாயின் விரல்களுக்கு நடுவே இருக்கும் முடியில் ஈரப்பனி ஒட்டும். உடல் சூட்டில் கொஞ்சம் இளகும், மறுபடி உறையும், அதன் மேல் இன்னும் ஒட்டும். கொண்டைக்கடலை அளவில் ஆரம்பித்து நெல்லிக்காய் அளவுக்கு வந்துவிடும். அப்போது விரல்கள் அகன்று, நாய் கூழாங்கல் மேல் நடப்பது போல நொண்டும். நடுவழியில் உட்கார்ந்து பாதத்தைக் கடிக்கும். பிடுங்கி எடுக்காதீர்கள், முடியோடு தோலும் வரும். கையுறையைக் கழற்றி, பாதத்தை உள்ளங்கையில் பொத்திப் பிடித்து, இளகியதும் நொறுக்கி எடுங்கள். கிளம்பும் முதல் நாளே பாதத்துக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் முடியைப் பாத மட்டத்துக்கு வெட்டிவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. ஸ்பேனியல், பூடில் வைத்திருப்பவர்கள் அவசியம் செய்யுங்கள்.

துணி பூட்ஸும் விற்கிறார்கள். வீட்டில் ஒரு வாரம் போட்டுப் பழக்காமல் மலையில் மாட்டினால், நாய் நாலு காலையும் உதறி உதறி நடக்கும் காட்சிதான் கிடைக்கும். பட்டையை இறுக்கிக் கட்டாதீர்கள், ரத்த ஓட்டம் குறைந்தால் பாதம் சீக்கிரம் விறைக்கும். உபரியாக இரண்டு கையில் இருக்கட்டும். ஒன்றாவது பனிக்குள் காணாமல் போகும்.

மேற்பரப்பு ஓடு போல இறுகிய பனியாக இருந்தால், நாய் ஒவ்வொரு அடிக்கும் அதை உடைத்துக்கொண்டு இறங்கும். உடைந்த விளிம்பு முன்னங்காலின் உட்புறத்தில், தனியாகத் தொங்கும் கட்டைவிரல் நகத்துக்குப் பக்கத்தில் கீறும். நாய் காட்டிக்கொள்ளாது. திரும்பித் தடத்தைப் பாருங்கள். வெள்ளையில் ரோஸ் நிறப் புள்ளி தெரிந்தால் அன்றைய நடை முடிந்தது.

கேள்வி: குட்டி நாய்களுக்கு ஸ்வெட்டர் போடுவது சும்மா ஃபேஷன்தானே?
– ஒரு வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: ஹஸ்கிக்குப் போட்டால் ஃபேஷன். டாஷுண்டுக்கும் நம் ஊர் குட்டைமுடி நாய்க்கும் அவசியம். ஆனால் கம்பளி ஸ்வெட்டர் நனைந்தால் ஈரத்துணியைப் போர்த்தியது மாதிரிதான். வயிற்றையும் மூடுகிற, மேலே தண்ணீர் ஒட்டாத கோட்டாகப் பாருங்கள்.

நாயின் இயல்பான உடல் வெப்பம் 38-லிருந்து 39 டிகிரிக்குக் கொஞ்சம் மேல் வரை. 37-க்குக் கீழே இறங்கினால் ஆபத்து. மலையில் வெப்பமானி வைத்துப் பார்க்க மாட்டீர்கள், ஆகவே நடத்தையைப் பாருங்கள். முதலில் நடுங்கும், ஒவ்வொரு காலாகத் தூக்கும், உங்கள் காலடியில் வந்து நிற்கும். அதற்குப் பிறகு நடுக்கம் நின்று மந்தமாகிவிட்டால், 'பாவம், பழகிவிட்டது' என்று நினைக்காதீர்கள், அதுதான் மோசமான கட்டம். துவட்டி, உலர்ந்த போர்வையில் சுற்றி, உங்கள் ஜாக்கெட்டுக்குள் அணைத்து வண்டிக்குக் கொண்டுபோங்கள். சுடுதண்ணீர் பாட்டிலை டவலில் சுற்றி வயிற்றோரம் வையுங்கள். காது நுனியோ வால் நுனியோ வெளுத்து விறைத்திருந்தால் தேய்க்கக் கூடாது. நேராக டாக்டரிடம் போங்கள்.

கேள்வி: மலையில் நாய்க்கு என்ன சாப்பாடு? நாங்கள் கட்டிக்கொண்டு போகும் பன்னி சௌவையே (குடைந்த ரொட்டிக்குள் குழம்பு) கொஞ்சம் பிய்த்துப் போடலாமா?
– ஒரு வாசகர், டோங்காட்

பதில்: கூடாது. அந்தக் குழம்பில் இருக்கும் வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். நம் மலைப் பையில் வழக்கமாக இருக்கும் சாக்லேட், உலர்திராட்சை இரண்டும் நாய்க்கு விஷம். அதற்குப் பழக்கமான உணவையே வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக எடுத்துப்போய், சிறிது சிறிதாகக் கொடுங்கள். பனியைத் தின்று தாகம் தீர்க்க விடாதீர்கள், உடம்பு உள்ளிருந்தே குளிரும். வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுபோங்கள். பாட்டிலைத் தலைகீழாகப் பையில் வைத்தால் ஐஸ் அடிப்பக்கம் கட்டும், மூடி திறக்க வரும்.

கேள்வி: ஜனவரியில் கால்கரிக்கு மகன் வீட்டுக்குப் போகிறேன். அங்கே ஸ்னோஷூ போட்டுக்கொண்டு மகனின் நாயோடு மலைக்குப் போகலாம் என்கிறான். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ஆசையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.
– ஒரு வாசகி, வெருலம்

பதில்: போய் வாருங்கள் அம்மா, எனக்குப் பொறாமையாக இருக்கிறது. நடக்கத் தெரிந்தால் ஸ்னோஷூவும் தெரியும், கால்களைக் கொஞ்சம் அகட்டி வைக்க வேண்டும், அவ்வளவுதான். 25 அங்குல ஜோடி உங்களுக்குப் போதும். வாங்க வேண்டாம், அங்கே வாடகைக்குக் கிடைக்கும். அகலமான வட்டு வைத்த இரண்டு ஊன்றுகோல்களை மறக்காதீர்கள். பின்பக்கமாக நடக்க முயலாதீர்கள், வால் பகுதி குத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவீர்கள். வட்டமாகத் திரும்புங்கள்.

பான்ஃப் தேசியப் பூங்காவில் நாயை அனுமதிக்கிறார்கள், ஆனால் கயிறு எப்போதும் கையில் இருக்க வேண்டும். பக்கத்திலுள்ள கனனாஸ்கிஸுக்கு வண்டிக்கு ஒரு பாஸ் வாங்க வேண்டும், அங்கேயும் கயிறு. பனிச்சறுக்குக்காக இயந்திரம் ஓட்டிச் சமன் செய்த தடங்கள் இருக்கும். அதன் மேல் நீங்களும் நடக்காதீர்கள், நாயையும் விடாதீர்கள். ஒரு பாதப் பள்ளம் இறுகினால் பின்னால் வருகிறவர் கால் போய்விடும். அப்படிச் சில தடங்களில் நாய்க்குத் தடையே உண்டு, பலகையைப் படியுங்கள்.

மகனிடம் கண்டிப்பாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: 'பனிச்சரிவு அறிக்கை பார்த்தாயா?' அவலாஞ்ச் கனடா என்ற அமைப்பு குளிர்காலத்தில் அறிக்கை வெளியிடுகிறது. ராக்கி மலைத்தொடரில் பனிச்சரிவு நிஜமான ஆபத்து. சரிவுகளுக்கு அடியில் போகாத, காட்டுக்குள்ளேயே சுற்றிவரும் பாதையாகக் கேளுங்கள். அந்தக் காட்டிலும் ஒரு பொறி இருக்கிறது. ஆழமாகப் பனி விழுந்திருந்தால், தாழ்ந்த கிளைகளுள்ள பைன், ஃபர் மரங்களின் அடித்தண்டைச் சுற்றிப் பனி சேராமல் குழியாக இருக்கும். மேலே கிளை மூடியிருப்பதால் தெரியாது. அணிலைத் துரத்திக்கொண்டு நாய் அங்கே போனால் தலைகுப்புற உள்ளே விழும். கயிறு வேண்டும் என்பதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

கால்கரியில் சினூக் என்று ஒரு வெதுவெதுப்பான காற்று வரும். நம் பெர்க் காற்றுக்கு ஒன்றுவிட்ட தம்பி, அதே போல மலையிலிருந்து இறங்கும்போது சூடாகிவிடும். அது அடித்து ஓய்ந்த மறுநாள் நடைபாதை எல்லாம் ஐஸ். மலையில் விழாதவர்கள் மகன் வீட்டு வாசலில் விழுவது அன்றைக்குத்தான். தெருவில் உப்பு போட்டிருப்பார்கள், வீட்டுக்குள் வந்ததும் நாயின் பாதத்தைக் கழுவித் துடையுங்கள். கார் நிறுத்தும் இடத்தில் ஆன்டிஃப்ரீஸ் சிந்தியிருந்தால் கிட்டவே விடாதீர்கள். இனிப்பாக இருக்கும், கொஞ்சம் நக்கினாலே சிறுநீரகம் போகும். வெப்பம் மைனஸ் 20-க்குக் கீழே போனால் இருவருமே வீட்டில் இருங்கள், மகன் என்ன சொன்னாலும்.

கேள்வி: கோயிலில் கூழ் ஊற்றும் மாதத்தில் நாயைத் தூக்கிக்கொண்டு பனிக்குப் போவது நமக்குத் தேவையா? வெள்ளைக்காரப் பழக்கம் இல்லையா இது?
– ஒரு வாசகர், லெனேசியா

பதில்: கூழ் ஞாயிற்றுக்கிழமை, பனி எந்தக் கிழமையும் பார்ப்பதில்லை. நான் இரண்டுக்கும் போகிறேன். மலையில் நாயோடு திரிவது யார் பழக்கம் என்று லெசோத்தோவின் பாசோத்தோ ஆட்டிடையர்களைக் கேளுங்கள், போர்வையைப் போர்த்திக்கொண்டு சிரிப்பார்கள்.

கேள்வி: ஜோபர்க்கிலிருந்து நாயோடு N3 நெடுஞ்சாலை வழியாக பெர்க் பக்கம் வர நினைக்கிறோம். பனி அறிவிப்பு இருந்தால் வண்டியில் என்ன வைத்துக்கொள்ள வேண்டும்?
– ஒரு இளம் தம்பதி, மிட்ராண்ட்

பதில்: 2024 செப்டம்பர் 20, 21 தேதிகளில் வான் ரீனன் கணவாய்ப் பக்கம் அதே சாலையில் வண்டிகள் இரவு முழுக்கப் பனியில் மாட்டிக்கொண்டு நின்றன. குளிரில் உயிர்ச்சேதமும் நடந்தது. செப்டம்பர் என்றால் வசந்தம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்த நேரம். அதனால் அறிவிப்பு இருந்தால் ஒரு நாள் தள்ளிப் புறப்படுங்கள் என்பதுதான் முதல் பதில். கிளம்பியே ஆக வேண்டும் என்றால் ஹாரிஸ்மித்துக்கு முன்பே டாங்கை நிரப்புங்கள். ஆளுக்கொரு போர்வை, நாய்க்கு ஒன்று, இரண்டு நாளுக்கான தண்ணீர், நாய் உணவு, டார்ச், போன் சார்ஜர். மாட்டிக்கொண்டால் வண்டியை விட்டு இறங்கி நடக்காதீர்கள். புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அடிக்கடி அகற்றிவிட்டு, ஹீட்டரை விட்டு விட்டுப் போடுங்கள், ஜன்னலில் ஒரு விரல் இடைவெளி இருக்கட்டும். நாய் உங்கள் இருவருக்கும் நடுவில் படுத்தால் மூவருக்கும் சூடு. அவசரத்துக்கு செல்போனிலிருந்து 112. நாயின் ரேபீஸ் ஊசிச் சீட்டையும் வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள், விடுதிக்காரர் கேட்பார்.